குளியலறை வாசலில் நாற்பது நிமிடம்

மச்சான்,

பல நாளாக இந்தப் பக்கம் வராத கீரைக்காரம்மா இன்று காலை வாசலில் கூடையை இறக்கினாள். மேலே பொன்னாங்கண்ணிக் கட்டு ஈரமாகக் கிடந்திருக்க வேண்டும். வேரில் ஒட்டிய சேற்று வாசனை படியேறி, நான் படுத்திருந்த பாய் வரைக்கும் வந்தது. வழக்கமாக இரண்டு கட்டு வாங்கும் சரோஜா இன்று, "வேணாம்மா. எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத்தான் கீதாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மூன்று வருடம் மச்சான். மூன்று வருடமாக என் மனைவி எனக்குப் போட்ட பொன்னாங்கண்ணியை வரிசையாக நட்டால், எளாவூர் செக்போஸ்டில் தொடங்கிக் கல்கத்தா வரைக்கும் ரோட்டின் இரு பக்கமும் பச்சைக் கரை கட்டலாம். லாரிக்காரர்கள் இறங்கிப் பறித்துச் சமைக்கலாம். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்பது இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பட்டங்களைச் சொல்லாமல் தொடங்கினால் அது நான் எழுதிய கடிதமாக இருக்காது. இருபத்தாறு வருடம் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையின் ஆகாயத்தை ஆண்டவன். கூரைக்கு அடியில் ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் வீற்றிருந்து, கீழே எறும்புகளாக அலையும் குடிமக்களின் தலைக்கு மேல் டன் டன்னாக இரும்பைப் பறக்க விட்ட சக்கரவர்த்தி. ஒரு தடவை கொக்கியில் மேகம் மாட்டிக்கொண்டு, தொழிற்பேட்டைக்கு மட்டும் மழை பெய்தது என்று உன் பிள்ளைகளிடம் நான் சொன்னேன். சின்னவன் பள்ளிக்கூடத்தில் போய் அதைச் சொல்லி வாத்தியாரிடம் அடி வாங்கினான். "மாமா சொன்னாரு சார், மாமா பொய் சொல்ல மாட்டாரு" என்றானாம். அவ்வளவு பெரிய பேர் எனக்கு உன் வீட்டில்.

நீ கீழே நின்ற கலாசி. சங்கிலியை மாட்டுவாய், கையசைத்து எனக்கு வழி சொல்வாய். கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. எத்தனை பேர் கத்தினாலும், மேனேஜரே வந்து குதித்தாலும், ஒரே ஒரு ஆளின் கையைப் பார்த்துத்தான் சரக்கை நகர்த்த வேண்டும். இரண்டு பேர் கையைப் பார்த்தால் யாராவது நசுங்கிப் போவார்கள். எனக்கு அந்த ஒரு கை உன் கை. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாகச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு கை மேல் இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெதுவாக, தட்டித் தட்டி, விரல் அளவு விரல் அளவாக. அதை நாம் 'இன்ச் பண்றது' என்போம். உன்னோடு வாயால் பேசியதைவிடக் கையால் பேசியதுதான் அதிகம்.

அந்த ஆகாய சாம்ராஜ்யம் கவிழ்ந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தது. சங்கு ஊதினார்கள். நான் இறங்கவில்லை. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒரு துக்கமும் இல்லை, ஒரு சண்டையும் இல்லை. உடம்பிலிருந்த எதையோ யாரோ வடித்து எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. எனக்கு அடுத்து வந்தவன் கீழே நின்று திட்டினான். பிறகு நாற்பத்திரண்டு படி ஏறி நீ வந்தாய். மூச்சு வாங்கிக்கொண்டு கூண்டின் கதவில் சாய்ந்தாய்.

"இன்னா மச்சான், மேலயே குடித்தனம் வந்துட்டியா? காத்து நல்லா வருதா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று லீவரைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரோஜா கூடச் சண்டையா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற?"

"தெர்ல மச்சான். எறங்கணும்னு தோணல."

நீ கதவு வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாய். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டாய். "குதிக்கணும்னு தோணுச்சா?"

"இல்ல. அதுக்கும் எழுந்திருக்கணுமே."

நான் நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். என் பேச்சுக்கு நீ சிரிக்காத முதல் தடவை அதுதான். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் செருப்புக் காலைப் பிடித்து ஏணிப்படியில் வைத்தாய். "இந்தக் காலு. அப்பறம் அந்தக் காலு. ஊட்டப் பத்தி இப்ப நெனைக்காத. படியப் பாரு." நாற்பத்திரண்டு படியும் எனக்குக் கீழே நீ இறங்கினாய், நான் விழுந்தால் உன் மேல் விழட்டும் என்று.

அடுத்த வாரம் திருவள்ளூர் போனோம். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, பஸ் மாறி மாறி அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் நான். இங்கே மனநலப் பிரிவு வரிசையில் என்னை யாராவது பார்த்துவிட்டால், மேகத்தைக் கொக்கியில் பிடித்தவனின் மானம் என்ன ஆவது? அங்கே சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மனச்சோர்வு நோய் என்றாள். "ராஜ வம்சத்துல வர்ற வியாதிங்களாம்மா?" என்று கேட்டேன். "எல்லா வம்சத்துலயும் வருங்க" என்றாள், எழுதிக்கொண்டே.

மாத்திரையை ஒரே நேரத்தில் போடச் சொன்னாள். நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். பசிக்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள், தினமும் குளியுங்கள், வெயிலில் கொஞ்சம் நடங்கள் என்றாள். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும் என்றாள். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னிடம் சத்தியம் கேட்டேன். யாருக்கும் தெரியக் கூடாது, சரோஜாவுக்கும், உன் மனைவி எஸ்தருக்கும் கூட.

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக் கூடாதுன்னு கீது மச்சான். வார்த்தை குடுக்கறேன். அது போதும்ல?"

"போதும்."

"ஆனா தப்பு பண்ற. ஒரே கையப் பாக்கறது கிரேனுக்குச் சரி. ஊட்டுக்கு நாலு கை வேணும்."

நான் கேட்கவில்லை. கம்பெனியில் கண் மங்குகிறது என்று எழுதிக் கொடுத்து, கிரேனிலிருந்து இறங்கி ஸ்டோருக்குப் போனேன். நீயும் கேட்டு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஸ்டோருக்கு வந்துவிட்டாய். மாதா மாதம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். மாத்திரையும் கண்ணுக்குத்தான் என்றேன். அன்று தொடங்கியது பொன்னாங்கண்ணி.

சரோஜாவுக்கு உணவுக் கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலை. ஆறேகாலுக்கு அவள் வேன் வந்துவிடும். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நான் ஒருவன், கிழக்குப் பார்த்த ஜன்னல், மூடிய திரை. வேலை ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கு உன் வண்டிச் சத்தம் கேட்கும். எளாவூரிலிருந்து நீ வந்து, என்னை ஒரு மனிதனாகச் செய்து முடித்து, எட்டே முக்காலுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாய். கம்பெனியில் உன்னைச் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள் என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் வந்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. பாவம், ஆறரைக்கே உனக்குச் சாப்பாடு கட்டியிருக்கிறாள்.

நீ எப்போதும் அறிவுரை சொன்னதில்லை. திரையை விலக்குவாய். பாயின் கால்மாட்டில் நின்று விரலை மேலே நீட்டிச் சுழற்றுவாய். தூக்கு. நான் அசையாவிட்டால் ஒரு கை மேல் இன்னொரு கையை வைப்பாய். சரி, இன்ச் பண்ணு. முதலில் புரண்டு படு. பிறகு ஒரு காலைத் தரையில் வை. தரை குளிர்கிறதா? குளிர்ந்தால் சரி. எழுந்து உட்கார்வதற்கே இருபது நிமிடம் ஆன நாட்கள் உண்டு. இமயமலையை இடம் மாற்றிய களைப்பு வரும் எனக்கு. பல் துலக்கியதற்கு நீ கை தட்டினாய் ஒரு நாள். நான் அழுதுவிட்டேன். "டேய், பல்லு வெளக்கனதுக்கு எவனாவது அழுவானா? பேஜாரு புடிச்சவனே" என்று நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

நான் பேசத் தொடங்கினால் முழம் முழமாகப் பேசுவேன் அல்லவா, இந்த வாழ்க்கை எதற்கு, நான் எதற்கு என்று? அதற்கு உன்னிடம் ஒரே பதில். "பெரிய கத அப்பறம் பேசு. மொதல்ல வாயக் கொப்பளி." கொப்பளித்த பிறகு அந்தப் பெரிய கதை கொஞ்சம் சின்னதாகியிருக்கும், எப்படியென்று எனக்குத் தெரியாது. இரண்டு இட்லி என்றால் தொண்டையில் இறங்காது என்பதால் நாஷ்டாவுக்கு அரை இட்லி வைப்பாய். அதைத் தின்றதும் சத்தமில்லாமல் இன்னொரு அரை தட்டில் வந்து விழும். ரயில்வே கேட் வரைக்கும் வெயிலில் நடந்து திரும்புவோம். கேட் மூடியிருந்தால் சரக்கு ரயிலின் பெட்டிகளை என்னை எண்ண வைப்பாய். நான் ஐம்பத்தெட்டு என்றால் நீ ஐம்பத்தேழு என்று வம்புக்கு நிற்பாய். அந்தச் சண்டையில் ஒரு பத்து நிமிடம் நான் உயிரோடு இருப்பேன்.

குளியல்தான் பெரிய மலை. ஏனோ தண்ணீர் மேலே விழுவதை நினைத்தாலே உடம்பு கல்லாகிவிடும். நீ குளியலறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவு வழியாகக் குரல் கொடுப்பாய். "ஒரு மக். ஒரே ஒரு மக் ஊத்து. புடிக்கலன்னா வந்துடு." ஒன்று ஊற்றிய பிறகு யாராவது பாதியில் வருவார்களா? அதுதான் உன் தந்திரம்.

இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிடலாம் என்று மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்தேன். இதுவரைக்கும் எழுதியது எனக்குச் சுலபம். இனிமேல் எழுதப் போவதைத்தான் நீ போன நாளிலிருந்து வயிற்றில் வைத்திருக்கிறேன்.

நீ போவதற்கு முந்தைய மாதம் எனக்கு நன்றாக இருந்தது. சிரித்தேன், சாப்பிட்டேன், சரோஜாவை வம்புக்கு இழுத்தேன். சக்கரவர்த்திக்கு இனி மாத்திரை எதற்கு என்று நானாக நிறுத்தினேன். உன்னிடமும் சொல்லவில்லை. பதினைந்து நாளில் பழைய இடத்துக்குப் போய் விழுந்தேன், முன்பைவிட ஆழமாக. ஐந்து நாள் குளிக்கவில்லை. ஆறாம் நாள் நீ பிடித்துத் தள்ளிக் குளியலறையில் விட்டாய்.

உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். குழாயைத் திறக்கவில்லை. வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஒரு மக் மச்சான்."

"மகாராஜா நீராடும்போது குடிமக்கள் அவசரப்படுத்தக் கூடாது."

"சரி மகாராஜா. ஒரே ஒரு மக்."

உன் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை, பிறகு கேட்டது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. உனக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தேன். என்னோடு யாருக்குத்தான் சலிக்காது என்று நினைத்து, அதிலும் எனக்காகவே வருத்தப்பட்டேன். ஒரு தடவை, "மச்சான், இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லாருக்கும்" என்றாய். "பன்னீர்க் குடம் வந்து சேரட்டும், குளிக்கிறேன்" என்றேன். நாற்பது நிமிடம் கழித்து வாளியை நிமிர்த்தி, தண்ணீர் பிடித்துக் குளித்து வெளியே வந்தேன்.

நீ உட்கார்ந்திருந்தாய். வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாய். இருபத்தாறு வருடப் பழக்கம், என் கண் நேராக உன் கைக்குத்தான் போனது. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருந்திருக்கும். வேர்த்திருக்கும், வெளுத்திருக்கும். நான் பார்க்கவில்லை மச்சான். கையைத்தான் பார்த்தேன்.

"இன்னாடா இது, புதுசா ஒரு சிக்னலு?"

நீ சிரித்தாய். "இது உனக்கில்ல" என்றாய்.

வாசலுக்கு வந்ததும் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினாய். "இன்னைக்கு நீ ஓட்டு." மூன்று வருடமாக என்னை வண்டி ஓட்ட விடாதவன் நீ. என்னைத் தேறிவிட்டவனாகவே மதித்துச் சாவி கொடுக்கிறாய் என்று நினைத்தேன். பட்டாபிஷேகம் நடந்த பூரிப்பு எனக்கு. மேம்பாலத்தில் வேண்டுமென்றே மெதுவாக, ஊர்வலம் போல ஓட்டினேன். "குடிகளே, வழி விடுங்கள்" என்று எதிரே வந்த லாரிக்காரனிடம் கத்தினேன். நீ என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாய். சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

கம்பெனி வாசலில் இறங்கி, காவலாளி அறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். பிறகு சாய்ந்தாய். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் எங்களிடம் சொன்னார், காலையிலேயே நெஞ்சு வலி தொடங்கியிருக்கும், ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குத் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் குளியலறைக் கதவைத் தொடவில்லை. எந்தப் பழக்கம் என்னை மூன்று வருடம் பிடித்து வைத்திருந்ததோ, அதுதான் உன்னைக் கொண்டுபோன நாற்பது நிமிடமாகவும் ஆகிவிட்டது. சரோஜா என் மேல் வரும் நாற்றத்தைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாள். வேலைக்குப் போகவில்லை. கண் வலி என்றேன். இன்னும் கொஞ்சம் கீரை வந்தது.

உன் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு போனேன். அங்கேதான் அது வெடித்தது. துக்கத்துக்கு வந்த கம்பெனிக்காரர் ஒருவர், உன்னை மெச்சிப் பேசுவதாக நினைத்து, "கரெக்டா ஒம்போதரைக்கு கேட்ல நிப்பாரும்மா, ஒரு நிமிசம் முன்னபின்ன ஆவாது" என்று எஸ்தரிடம் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆறரைக்கே ஊட்ட விட்டுப் போவாரேண்ணே. ஏழு மணிக்கு டூட்டின்னு சொல்லுவாரே."

"ஏழு மணிக்கா? ஏழு மணிக்கு எங்க ஸ்டோர்ல காக்காகூட இருக்காதும்மா."

அவர் போன பிறகு எஸ்தர் என்னிடம்தான் வந்தாள். "அண்ணே, நீங்க அவரு கூடவே இருந்தவரு. மூணு வருசமா காலைல எங்கண்ணே போனாரு?"

"எட்டே முக்காலுக்கு என்னை வந்து ஏத்திக்குவான்மா" என்றேன். "அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

இதுதான் நான் சொன்னது. மச்சான், நீ எனக்குக் கொடுத்த வார்த்தையைச் சாகும்போதும் காப்பாற்றினாய். நான் உன் பேரை உன் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். உன் பெரிய மைத்துனர் உள்ளே யாரிடமோ, "தெனைக்கும் ரெண்டு மணி நேரம்னா சும்மாவா? எங்கனாச்சும் இன்னொரு ஊடு இருந்திருக்கும்" என்றது வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. எஸ்தருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, கம்பெனியில் கொடுத்த காகிதம் ஒன்றைச் சேர்ப்பதற்காகப் போனேன். கூடத்துச் சுவரில் உன் படம் இல்லை. மாலை மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. எஸ்தர் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. "பெட்டிக்குள்ள வெச்சிட்டேன்ணே. பாக்கப் பாக்க எரியுது" என்றாள், நான் கேட்காமலேயே.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளிப்பது என்று முடிவு செய்தேன். இந்த அழுக்கோடு போய் அந்த விஷயத்தைச் சொன்னால், பரிதாபத்தில் எஸ்தர் என்னை மன்னித்துவிடுவாளோ என்ற பயம். கால்மாட்டில் யாரும் இல்லை. விரலைச் சுழற்ற யாரும் இல்லை. புரண்டு படுத்தேன். ஒரு காலைத் தரையில் வைத்தேன். ஒரு மக் ஊற்றினேன். முடித்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது. எஸ்தர் சர்ச் முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் ஆயிற்றே என்று சரோஜா வாசலில் நின்றாள். அவளுக்கு எதற்குப் போகிறோம் என்று சொல்லவில்லை. ஒரே வாயால் இரண்டு பேரிடமும் சொல்லிவிட வேண்டும், இரண்டாம் தடவை சொல்லத் தெம்பு இருக்காது என்று தெரியும்.

உன் வீட்டுக் கூடத்தில், ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்து சொன்னேன். கூண்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்ததிலிருந்து சொன்னேன். திருவள்ளூர், டாக்டரம்மா, மாத்திரை, ஏழு மணி, அரை இட்லி, எல்லாம். என் வாழ்நாளில் மிகைப்படுத்தாமல் நான் சொன்ன ஒரே கதை அதுதான்.

முதலில் பேசியது சரோஜா. "அப்ப கண்ணு?"

"கண்ணு நல்லாத்தான் கீது."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடித்திருந்தாலும் பரவாயில்லை.

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கடைசி நாளும் உங்க ஊட்லதான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ நேரம் உக்காந்திருந்தாரு?"

அரை நொடி, குறைத்துச் சொல்லலாமா என்று தோன்றியது. "நாப்பது நிமிசம். நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும்."

"தண்ணி கேட்டாரா?"

"கேக்கலம்மா."

"நீங்களும் குடுக்கல."

"குடுக்கல."

வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் எழுந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே சமைச்சிக் குடுத்து அனுப்பியிருப்பேனே" என்றாள். அது உன்னிடம் சொன்னதா என்னிடம் சொன்னதா தெரியவில்லை. பிறகு என்னிடம் சொன்னாள். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்கண்ணே. உங்க மேல கோவம்னு இல்ல. உங்களப் பாத்தா அந்த நாப்பது நிமிசம்தான் தெரியும் எனக்கு."

சரி என்றேன்.

நாங்கள் கேட்டைத் தாண்டிய பிறகு பின்னாலேயே வந்தாள். என்னைப் பார்க்காமல் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மாத்திரைய மட்டும் உடாதீங்க. வேளைக்குக் குடுங்க. மூணு வருசம் நடையா நடந்திருக்காரு எங்க ஊட்டுக்காரரு. அது வீணாப் போவக் கூடாது."

அதற்குப் பிறகு சரோஜா மட்டும் ஒரு தடவை உன் வீட்டுக்குப் போய் வந்தாள். பெரிய மைத்துனரை வைத்துக்கொண்டே எஸ்தர், நீ எங்கே போனாய் என்பதை உரக்கச் சொன்னாளாம். படம் மறுபடி சுவருக்கு வந்துவிட்டதாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு சரோஜா அடுப்பங்கரைக்குப் போனாள். இப்போதெல்லாம் என்னோடு அவள் அதிகம் பேசுவதில்லை. மூன்று வருடப் பொய்க்கு மூன்று வருடமாவது ஆகும். ஆனால் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். காலையில் வீட்டில் இருக்கிறாள். உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு, நான் விழுங்கும் வரைக்கும் நகராமல் நிற்கிறாள். உன் மாதிரி தந்திரமெல்லாம் அவளுக்குத் தெரியாது. "எழுந்திருங்க" என்பாள். நான் எழாவிட்டால் மறுபடி, "எழுந்திருங்க."

டாக்டரம்மாவிடம் இந்தத் தடவை அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்த டாக்டரம்மா, தினமும் குளிக்கிறீர்களா என்றாள். குளிக்கிறேன் என்றேன். எவ்வளவு நேரம் ஆகிறது என்றாள். நான்கு நிமிடம் என்றேன். நல்ல முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டாள்.

முன்னேற்றம் இல்லை மச்சான். தாழ்ப்பாள் போடாமல், சோப்பு சரியாகக் கூடப் போகாமல், கதவுக்கு வெளியே யாருக்கோ நெஞ்சு வலிக்கிறது என்கிற பயத்தில் குளிக்கிறேன். தினமும் குளிக்கிறேன்.